மலையடிவாரத்துப் பறவைக் கணக்கு

பறவைகளைப் பார்த்து மகிழ்வது ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. விடியற்காலையில் எழுந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மரத்தடியில் அண்ணாந்து நிற்போர் அதனாற் பொருளீட்டுவாரல்லர். ஆயினும், பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு காரியம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, கண்ட பறவையின் பெயரோடு கண்ட நாளும் இடமும் எழுதி வைக்கப்படுமாயின், அவ்வேடு ஒரு நிலத்தின் சாசனமாகிவிடுகின்றது. கல்வெட்டும் செப்பேடும் இல்லாத காட்டுக்கும் மலைக்கும் அவ்வேடே வரலாறு. இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாக விளங்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள ஈற்றன் பள்ளத்தாக்கு.

லொஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் நடுப்பகுதியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழப் பதினைந்து மைல் சென்றால், சமநிலம் திடீரென முடிவுற்று மலை எழுகின்றது. அதுவே சான் கபிரியேல் மலைத்தொடர். அதன் உயர்ந்த சிகரம் 10,000 அடிக்கும் மேற்பட்டது. மலையினின்று இறங்கும் ஓடைகள் காலங்காலமாகப் பாறையை அரித்து ஆழமான பள்ளத்தாக்குகளை வெட்டியுள்ளன. அவற்றுள் ஒன்று பசடீனா, அல்ரடீனா என்னும் இரு ஊர்களின் அருகே வாய்திறந்து நிற்கின்றது. உள்ளே செல்லச் செல்லச் சுவர்கள் நெருங்குகின்றன. இறுதியில் நாற்பதடி உயரமான ஓர் அருவி பாறையிடுக்கில் வீழ்கின்றது. மாரிக்காலத்திற் பெருகும் ஓடை, கோடையில் மணலுக்குள் மறைந்துவிடும்.

இந்நிலத்தின் முதற்குடிகள் தொங்வா மக்கள். 1771ஆம் ஆண்டில் ஸ்பானியப் பாதிரிமார் இப்பக்கத்தில் சான் கபிரியேல் மடத்தை நிறுவினர். பத்தாண்டுகளின் பின்னர் லொஸ் ஏஞ்சலிஸ் ஒரு சிறு குடியிருப்பாகத் தோன்றியது. செங்குத்தான பாறைகளைக் கண்ட ஸ்பானியர் இப்பள்ளத்தாக்கைப் 'பெருஞ்சரிவு' என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். பின்னர் 1865ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் ஈற்றன் என்னும் வழக்கறிஞர் இதன் அருகே குடியேறித் திராட்சைத் தோட்டம் அமைத்தார். மலைநீரைக் குழாய்களின் வழியே வயலுக்கும் வீட்டுக்கும் கொண்டுவருவதில் அவர் வல்லவர். பசடீனா ஊர் 1874ஆம் ஆண்டிற் குடியேற்றமாகத் தொடங்கியபோது அதற்கு நீர் அளித்த பெருமையும் அவருக்குண்டு. ஓடையும் பள்ளத்தாக்கும் அவர் பெயராலேயே வழங்கலாயின.

இயற்கையறிஞர் ஜோன் மியூர் 1877ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கினுள் நடந்து சென்று அருவியைக் கண்டார். பனிமலைகளில் தனித்துத் திரிந்து பழகிய அவருக்கும், இம்மலையின் முட்புதர்க் காடு கடத்தற்கரியதாகவே தோன்றியது. 1891ஆம் ஆண்டில், பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து வில்சன் மலையுச்சிக்கு ஒரு சுங்கப் பாதை திறக்கப்பட்டது. கோவேறு கழுதைகளும், பிற்காலத்தில் மோட்டார் லொறிகளும் அப்பாதை வழியே வான்நோக்கு நிலையத்தின் கருவிகளைச் சுமந்து சென்றன. 1917ஆம் ஆண்டில், நூறு அங்குல விட்டமுடைய பெருந்தொலைநோக்கியின் ஆடியும் இவ்வழியே ஏறியது. அண்டம் எத்துணைப் பெரிது என்பதை மனிதருக்குக் காட்டிய கருவி அது. மலையுச்சியில் வானியலறிஞர் விண்மீன்களை நாள்தோறும் குறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மலையடியில் வேறு சிலர் பறவைகளைக் குறிக்கத் தொடங்கியிருந்தனர்.

பறவை நோக்கும் கலை அமெரிக்காவில் எவ்வாறு பிறந்தது என்பது அறியத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அறிய விரும்பியவர் முதலில் அதனைச் சுட்டு வீழ்த்தினர். கையிலெடுத்து அளந்து, தோலை உரித்துப் பஞ்சடைத்து, பெட்டியில் அடுக்கினர். முட்டை சேர்ப்போர் கூடுதோறும் ஏறினர். இவற்றினும் கொடியது அலங்கார வாணிகம். சீமாட்டிகளின் தொப்பிகளில் இறகு சூடும் வழக்கம் மிகுந்தமையால், குஞ்சு வளர்க்கும் பருவத்துக் கொக்குகள் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டன. கூட்டிலிருந்த குஞ்சுகள் பசியால் இறந்தன. இதனைக் கண்டு மனம் பொறாத பொஸ்ரன் நகரப் பெண்மணிகள் இருவர், ஹரியற் ஹெமன்வே, மின்னா ஹோல் என்போர், 1896ஆம் ஆண்டில் தம் தோழியரை அழைத்து இறகு சூடுவதில்லை என்று உறுதிபூணச் செய்தனர். அதன் பயனாய் எழுந்த சங்கம், புகழ்பெற்ற பறவை ஓவியர் ஓடுபனின் பெயரைத் தாங்கியது. அச்சங்கங்கள் நாடெங்கும் பரவின. 1918ஆம் ஆண்டில் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டமும் நிறைவேறியது.

அதே காலத்தில் புளோரன்ஸ் மெரியம் என்னும் இளம்பெண், நாடகக் கொட்டகையிற் பயன்படும் சிறு கண்ணாடியைக் கையிலெடுத்துக்கொண்டு தோட்டத்துக்குச் சென்றாள். கொல்லாமலே பறவையை அறியலாம் என்பதைக் காட்டும் கையேடு ஒன்றை அவள் 1889ஆம் ஆண்டில் வெளியிட்டாள். துப்பாக்கிக்குப் பதிலாகக் கண்ணாடி என்னும் இம்மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், அறிவு தேடும் வழியிலே நேர்ந்த பெரியதொரு திருப்பம் அது. பசடீனாவிலும் 1904ஆம் ஆண்டில் ஓடுபன் சங்கம் ஒன்று அமைந்தது. ஆசிரியரும் கடைக்காரரும் இல்லத்தரசியரும் மலையடிவாரம் சென்று பறவைகளை நோக்கும் வழக்கம் வேரூன்றியது.

கணக்கெடுக்கும் முறைக்கும் ஒரு தொடக்கமுண்டு. கிறிஸ்மஸ் தினத்தில் இரு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குச் சென்று, எக்கட்சி மிகுதியாகக் கொன்றது என்று எண்ணி வெற்றி கொண்டாடும் விளையாட்டொன்று அந்நாட்டில் வழங்கியது. பிராங் சப்மன் என்னும் பறவையியலறிஞர் 1900ஆம் ஆண்டில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: அந்நாளில் உயிரோடுள்ள பறவைகளை எண்ணி எழுதுவோம் என்பது அது. முதலாண்டில் இருபத்தேழு பேரே முன்வந்தனர். இருபத்தைந்து இடங்களிற் கணக்கெடுக்கப்பட்டது. எண்ணும் விருப்பம் அப்படியே இருந்தது; எண்ணப்பட்ட பொருள் மாறியது. அக்கணக்கு ஆண்டுதோறும் இடையறாது நடந்து, இன்று பல்லாயிரம் பேர் ஈடுபடும் பெருமுயற்சியாக வளர்ந்துள்ளது.

ஈற்றன் பள்ளத்தாக்கின் வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு 1906. அக்காலத்தில் இம்மலைகளின் மேல் கொண்டர் என்னும் பெருங்கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. வட அமெரிக்கப் பறவைகளுள் இதுபோல் அகன்ற சிறகுடையது வேறில்லை. ஒரு சிறகு நுனியிலிருந்து மற்றதன் நுனி வரை ஒன்பதரை அடி. கரிய உடலும் மயிரற்ற செந்நிறத் தலையும் உடைய இப்பறவை இரையைக் கொல்வதில்லை. இறந்த விலங்கையே உண்ணும். கலிபோர்ணியாவின் பழங்குடிகள் பலர் அதனைப் புனிதமாகப் போற்றினர். பின்வந்தோர் சுட்டனர், முட்டையைப் பெருவிலைக்கு விற்றனர். ஓநாய்க்கும் கரடிக்கும் வைத்த நஞ்சும் அதனைச் சென்று சேர்ந்தது.

வில்லியம் பின்லி, ஹேமன் போல்மன் என்னும் இரு நண்பர்கள், பாரமான தகட்டுக் கமராவைச் சுமந்துகொண்டு இப்பள்ளத்தாக்கில் ஏறினர். செங்குத்தான பாறையின் குகையொன்றில் கொண்டர் இட்ட ஒரே முட்டை இருந்தது. இப்பறவை ஒரு முறைக்கு ஒரு முட்டையே இடும் இயல்பினது. மார்ச்சு மாதத்தில் முட்டை பொரித்தது. இருவரும் மீண்டும் மீண்டும் மலையேறி, குஞ்சு வளரும் ஒவ்வொரு நிலையையும் கண்ணாடித் தகட்டிற் பதித்தனர். மனிதர் அருகில் வருவதைப் பெற்றோர்ப் பறவைகள் பொறுத்துக்கொண்டன. கொண்டரின் வாழ்க்கையை முதன்முதலாக உலகுக்குக் காட்டிய படங்கள் அவையே. குஞ்சை அவர்கள் அவ்வாண்டு கூட்டிலிருந்து எடுத்துச் சென்று, 'ஜெனரல்' என்று பெயரிட்டு வளர்த்தனர். பின்னர் அது நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்து மடிந்தது.

இச்செயலைப் பின்வந்தோர் எங்ஙனம் மதிப்பது? ஒரு முட்டைக்கு மேல் இடாத பறவையின் ஒரே குஞ்சை எடுத்தது குற்றமே என்று இன்று கூறுவது எளிது. ஆயினும், அதே பின்லி ஒறிகன் மாநிலத்துக் கடற்பாறைகளையும் சதுப்புநிலங்களையும் படம் பிடித்துக் காட்டியமையாலன்றோ, குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ற் 1907ஆம் 1908ஆம் ஆண்டுகளில் அவற்றைப் பறவைச் சரணாலயங்களாக அறிவித்தார்! பறவையைக் கொன்று அறிந்த காலத்துக்கும், விட்டு அறியும் காலத்துக்கும் இடைப்பட்ட மனிதர் அவர். அவரிடம் இரு காலத்தின் பழக்கங்களும் கலந்திருந்தன. வரலாற்றில் நல்லோர் பலர் இத்தகையோரே.

கொண்டரின் பின்வரலாறு துயரமும் நம்பிக்கையும் கலந்தது. 1982ஆம் ஆண்டளவில் உலகில் எஞ்சியவை இருபத்திரண்டே. 1987ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டது. அன்று மொத்தம் இருபத்தேழு கொண்டர்கள் கூண்டுகளில் இருந்தன; கலிபோர்ணிய வானில் ஒன்றேனும் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ மிருகக்காட்சிச்சாலைகளில் அவை பெருகின. 1992ஆம் ஆண்டு முதல் மீண்டும் மலைகளில் விடப்பட்டன. இன்று அவ்வினம் ஐந்நூறுக்கு மேற்பட்டுள்ளது. அவற்றுட் பாதிக்கு மேல் வெளியில் பறப்பவை. வேட்டைக்குண்டின் ஈயம் கலந்த இறைச்சியே இன்றும் அவற்றின் பெரும்பகை. ஆதலால் 2019ஆம் ஆண்டு முதல் கலிபோர்ணியாவில் ஈயக்குண்டு கொண்டு வேட்டையாடுதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

பசடீனா நகரம் அறிவுலகுக்கு அளித்த மற்றொருவர் ஜோசப் கிரினெல். 1877ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இளமையை அந்நகரிற் கழித்தவர். பிற்காலத்திற் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகமாக வளர்ந்த துரூப் கல்லூரியிற் பயின்று 1897ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, இருபத்தொரு வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் கடல்நோக்கிய சரிவிற் காணப்படும் பறவைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1908ஆம் ஆண்டில் அனி அலெக்சாண்டர் என்னும் செல்வச் சீமாட்டியின் கொடையால் பேர்க்லி சர்வகலாசாலையில் முதுகெலும்பு விலங்குகளுக்கான நூதனசாலை அமைந்தபோது, கிரினெல் அதன் முதல் இயக்குநரானார். 1939ஆம் ஆண்டில் இறக்கும்வரை அப்பதவியிலிருந்தார்.

கிரினெலும் துப்பாக்கி ஏந்திப் பறவை சேகரித்தவரே. ஆயினும் அவர் தம் மாணவருக்கு வற்புறுத்திய பாடம் வேறு. கண்டதை அன்றன்றே எழுதுக. அழியாத மையில், நல்ல தாளில் எழுதுக. நாளையும் இடத்தையும் தவறாது குறிக்க. அற்பமெனத் தோன்றுவதையும் விடாது எழுதுக என்பதே அப்பாடம். கலிபோர்ணியாவின் காடும் வயலும் விரைந்து மாறுவதை அவர் கண்டார். தமது ஏடுகளின் முழுப்பயன் ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே வெளிப்படும் என்று அவர் 1910ஆம் ஆண்டில் எழுதினார். தம் உழைப்பின் பலனைத் தாம் காணப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் உழைப்பது அரிய பண்பு. மாந்தோப்பு வைக்கும் முதியவரின் மனப்பாங்கு அது.

அவர் புகழை உலகெங்கும் பரப்பிய கட்டுரை, இம்மலையடிவாரத்துப் பறவையொன்றைப் பற்றியது. கலிபோர்ணியத் திராசர் என்பது அதன் பெயர். மைனாவினும் சற்று நீண்ட உடல், கபில நிறம், அரிவாள்போற் கீழ்நோக்கி வளைந்த அலகு. வானிற் பறப்பதை அது விரும்பாது. சப்பறல் எனப்படும் அடர்ந்த முட்புதர்களின் கீழே ஓடித் திரிந்து, உதிர்ந்த சருகை அலகாற் கிளறிப் பூச்சிகளைத் தேடும். சிறகு குறுகியது, கால் வலியது, நிறம் சருகோடு ஒத்தது. அதன் உறுப்பு ஒவ்வொன்றும் புதர்க்காட்டு வாழ்வுக்கென அமைந்தது. இதனை ஆராய்ந்த கிரினெல், 1917ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையில், ஒவ்வோர் உயிருக்கும் இயற்கையில் அதற்கெனத் தனியானதோர் இடமுண்டு என்று விளக்கினார். அவ்விடத்தைக் குறிக்க அவர் கையாண்ட சொல்லின் முதற்பொருள், சுவரிற் குடைந்த மாடம் என்பது. விளக்கு மாடத்தில் விளக்கே பொருந்துவதுபோலத் திராசர் புதர்க்காட்டிற் பொருந்தியது. புதர் அழிந்தால் திராசர் வேறெங்கும் செல்ல வழியில்லை. உயிர்ச்சூழலியல் என்னும் கல்வித்துறையில் அச்சொல் இன்றுவரை அடிப்படைக் கருத்தாக நிலைபெற்றுள்ளது.

பறவை நோக்குவோருக்கு வழிகாட்டிய அடுத்த பெருநிகழ்ச்சி, ரோஜர் ரோறி பீற்றர்சனின் கையேடு. 1934ஆம் ஆண்டில் நாட்டின் கிழக்குப் பகுதிக்கும், 1941ஆம் ஆண்டில் மேற்குப் பகுதிக்குமாக அவர் எழுதிய நூல்கள், எட்ட நின்றே பறவையை இன்னதென்று அறியும் அடையாளங்களைப் படம் வரைந்து காட்டின. அதன்பின்னர் பறவை நோக்குதல் கற்றோர் சிலரின் கலையென்ற நிலை மாறி, பாடசாலைப் பிள்ளையும் பயிலும் கலையாயிற்று. 1963ஆம் ஆண்டில் ஈற்றன் பள்ளத்தாக்கின் வாயிலில் இயற்கைக் கல்வி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 190 ஏக்கர் நிலம் மாவட்ட நிருவாகத்தின் கீழ் இயற்கைப் பூங்காவாகப் பேணப்பட்டது.

நகரத்து மாடிவீட்டிற் பிறந்த பிள்ளைகள் பஸ் வண்டியில் வந்திறங்கிக் காட்டைக் காணும் முதல் வாய்ப்பை அப்பூங்கா அளித்தது. ஓக்கு மரத்தின் பட்டையில் நூற்றுக்கணக்கான துளைகளிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டையைச் செருகி மாரிக்குச் சேமிக்கும் மரங்கொத்திக் குடும்பங்கள் அங்கே உண்டு. நம் நாட்டுச் செம்பகத்தைப்போலக் குயிலினத்தைச் சேர்ந்ததாயினும், பறப்பதைவிட்டு நிலத்தில் விரைந்தோடும் 'பாதையோடி'யும் உண்டு. காற்றில் அசையாது நின்று மலர்த்தேன் உண்ணும் ரீங்காரச் சிட்டுகளுட் சில அங்கேயே ஆண்டு முழுவதும் தங்குவன. வேறு சில மெக்சிக்கோவிலிருந்து அலஸ்கா வரை செல்லும் நெடும்பயணத்தில் வசந்தகாலத்தில் இவ்வழியே போவன. மாரியில் வெண்கோட்டுத் தலையுடைய குருவிகள் வடக்கிலிருந்து வந்து புதரடியில் மேயும். ரோயன் செடியின் செங்கனிகள் பழுக்கும்போது பழந்தின்னிகள் கூடும். பேராறும் ஏரியும் இல்லாத இவ்வறண்ட சரிவில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. காடு, புதர், ஓடை, பாறை, மணற்படுகை என ஐவகை நிலமும் அரை மணி நேர நடையில் அடுத்தடுத்து அமைந்திருப்பதே அதன் காரணம்.

இத்தகைய நிலத்துக்குத் தீயும் ஒரு பழைய குடிவாசி. 1993ஆம் ஆண்டு ஒற்றோபர் 27ஆம் நாள், பாலைவனத்திலிருந்து வீசிய வறண்ட காற்றில் அல்ரடீனாவின் மேலே எழுந்த நெருப்பு பள்ளத்தாக்கைப் பற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளோடு இயற்கைக் கல்வி நிலையமும் எரிந்தது. சேர்த்து வைத்த காட்சிப்பொருள்கள் சாம்பலாயின. மக்கள் தளரவில்லை. தற்காலிகக் கட்டடத்தில் வகுப்புகளை நடத்தினர். 1998ஆம் ஆண்டிற் புதிய நிலையம் எழுந்தது. கருகிய ஓக்கு மரங்கள் தளிர்த்தன. புதர்கள் வேரிலிருந்து முளைத்தன. திராசரின் பாட்டு மீண்டும் கேட்டது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் நிறைவுறுமுன் மீண்டும் அதே விதி நேர்ந்தது. 2023ஆம் 2024ஆம் ஆண்டுகளின் மாரியிற் பெய்த நல்ல மழையாற் புதரும் புல்லும் செழித்திருந்தன. அதன்பின் மே மாதம் தொடங்கி மழையென்பதே இல்லையெனத்தக்க வறட்சி. 2025ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் மாலை, கடும்புயற்காற்றின் நடுவே ஈற்றன் பள்ளத்தாக்கருகே தீ மூண்டது. அன்றிரவே அது அல்ரடீனா ஊருக்குள் நுழைந்தது. முழுதும் அணைக்கப்படுமுன் ஏறத்தாழ 14,000 ஏக்கர் எரிந்தது. 9,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. குறைந்தது பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். தலைமுறையாக ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் ஓர் இரவில் வீடிழந்தன. அத்துயரின் முன் பறவைகளைப் பற்றிப் பேசுவதும் கூசத்தக்கதே. எரிந்த கட்டடங்களுள் இயற்கைக் கல்வி நிலையமும் ஒன்று. 1963ஆம் ஆண்டு நிலையத்தைப்போலவே 1998ஆம் ஆண்டு நிலையமும் சாம்பலாயிற்று.

தீயின் பின் பள்ளத்தாக்கு என்னவாகும்? சப்பறற்காடு எரிந்து எழும் இயல்புடையது. தீயின் வெம்மையும் புகையும் பட்டாலன்றி முளையாத விதைகளும் அம்மண்ணில் உள. அடுத்து வரும் வசந்தங்களில் கரிய சரிவுகளில் மலர்கள் நிறையும். நீலமணி நிறத் தலையுடைய லசூலிக் குருவி எரிந்த புதர்களை நாடி வரும். அடர்த்தியை விரும்பும் திராசரோ, புதர் மீண்டும் தலைக்கு மேல் வளரும்வரை பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும். இங்கேதான் கவலை எழுகின்றது. ஒரு தீக்கும் மறு தீக்கும் இடையே போதிய ஆண்டுகள் கழிந்தால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இடைவெளி மிகக் குறுகினால், புதர் விதையீன்று நிலைபெறுமுன் மீண்டும் எரிந்து, அந்நிய நாட்டுப் புல் அவ்விடத்தைக் கைப்பற்றும். புல் எளிதில் எரியும். எரிந்தபின் மேலும் புல்லே முளைக்கும். மாடம் இடிந்தால் விளக்குக்கு இடமில்லை என்பது போன்றதே திராசரின் நிலை.

இம்மாற்றம் நேர்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? பழைய ஏடுகளோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். கிரினெல் எதிர்பார்த்தபடியே நூறாண்டுகளின் பின் அவர் ஏடுகள் திறக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டு முதல் பேர்க்லி அறிஞர்கள் அவர் நடந்த வழியே நடந்து, அவர் நின்ற இடத்தில் நின்று மீண்டும் கணக்கெடுத்தனர். யொசெமிற்றி மலைகளிற் சிறு விலங்குகள் பல வெப்பத்துக்கு அஞ்சி மேல்நோக்கி நகர்ந்திருந்தன. மொகாவே பாலைநிலத்தில், ஓரிடத்தில் முன்பிருந்த பறவையினங்களுட் சராசரியாக நூற்றுக்கு நாற்பத்துமூன்று மறைந்திருந்தன. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வட அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று காட்டியது. அதற்கு ஆதாரமான தரவுகளுட் பெரும்பகுதி, ஊதியம் பெறாத ஆர்வலர் ஆண்டுதோறும் எண்ணி எழுதிய கணக்கேயாகும். கிறிஸ்மஸ் தினக் கணக்கும் அவற்றுள் ஒன்று. தனித்தனியே நோக்கினால், ஒரு மனிதர் ஒரு காலையில் எழுதிய நாலைந்து வரிகள். ஒன்றுசேர்ந்தபோது ஒரு கண்டத்துக்கே எச்சரிக்கையாயின.

கட்டடம் இருமுறை எரிந்தும் கணக்கு எரியவில்லை என்பதே ஈற்றன் பள்ளத்தாக்கின் வரலாறு புகட்டும் பாடம். 1906ஆம் ஆண்டிற் கொண்டர் அங்கே குஞ்சு பொரித்தது என்பதைப் பின்லியின் தகடுகள் இன்றும் சான்று கூறுகின்றன. அவை இல்லையேல் அதனைக் கேட்போர் கதையென்றே தள்ளுவர். எதனை இழந்தோம் என்று அறியாத சமுதாயம் எதனை மீட்பது என்றும் அறியாது. 1993ஆம் ஆண்டுத் தீக்குப் பின் எந்த ஆண்டில் எப்பறவை திரும்பியது என்று குறித்து வைத்தவர்களால், இன்று 2025ஆம் ஆண்டுத் தீயின் காயம் ஆறுகின்றதா, ஆறவில்லையா என்று அளந்தறிய முடிகின்றது.

கரிந்த ஓக்கு மரம் தளிர்விடும். ஓடை மாரியிற் பெருகிக் கோடையில் மறையும். என்றேனும் ஒரு விடியலில், தலைக்கு மேல் வளர்ந்த புதரின் உச்சியில் வந்தமர்ந்து திராசர் பாடும். அதனைக் கேட்ட ஒருவர் தம் சிறு ஏட்டை எடுத்து, நாளும் நேரமும் இடமும் தவறாது எழுதுவார். அவ்வொரு வரியின் பயன் தெரியவர இன்னொரு நூற்றாண்டு செல்லக்கூடும்.